மையர் மையர்ஸ்: அமெரிக்காவுக்கு முன்னாடியே அமெரிக்காவுல ஒரு வெள்ளிப் பத்தர்

மெட்டலர்ஜி அரியர். ஆமாம், செகண்ட் இயர் பேப்பர், ஃபைனல் இயர்ல எழுதினேன், சிரிக்காதீங்க. அன்னீலிங் பத்தி புக்ல இருந்த படம் ஒண்ணுமே புரியல. நெட்ல நல்ல படம் இருக்கான்னு தேடிக்கிட்டே போனதுல, எங்கேயோ சுத்தி ஒரு மியூசியம் பக்கத்துல போய் நின்னேன். வெள்ளியில ஒரு பொருள். முதல் பார்வைக்குச் சின்ன கோபுரம் மாதிரி இருந்துச்சு. மூணு அடுக்கு, சுத்திலும் குட்டிக் குட்டி மணிகள், அங்கங்கே தங்க முலாம். குத்துவிளக்கோட மேல்பாகமோன்னு நினைச்சேன். கீழே செஞ்சவர் பேர் போட்டிருந்தாங்க, மையர் மையர்ஸ், நியூயார்க். பேரை ரெண்டு தடவை டைப் பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன். இல்லை, அவர் பேரே அதுதான்.

அரியர் கிளியர் ஆயிடுச்சு. ஆனா இந்த மனுஷன் மட்டும் மனசை விட்டுப் போகல. அதான் இந்த இதழுக்கு இவரைப் பத்தி எழுதலாம்னு தோணுச்சு. நான் பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியம், என் தமிழ்ல தப்பு இருந்தா எடிட்டோரியல் டீமைத் திட்டுங்க.

முதல்ல அந்தப் பொருள் என்னன்னு சொல்லிடறேன், இல்லைன்னா இவர் கதை பாதி புரியாது.

யூதர்களோட வேதம் தோரா. சினகாக்ல, அதாவது அவங்க கூடி வழிபடுற இடத்துல, வாசிக்கிற தோரா அச்சடிச்ச புத்தகம் கிடையாது. பதப்படுத்தின தோல்ல, ஒவ்வொரு எழுத்தா கையால எழுதின நீளமான சுருள். மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல எழுத்துகள். எழுதி முடிக்கவே ஒரு வருஷம் போல ஆகும். அந்தச் சுருளை ரெண்டு மரத்தண்டுல ரெண்டு பக்கமும் சுத்தி வெச்சிருப்பாங்க. வாசிக்கும்போது எழுத்துமேல கை படக்கூடாது, அதுக்குன்னு நுனியில குட்டிக் கை இருக்கிற வெள்ளிக் கோல் ஒண்ணு உண்டு, அதால தொட்டுக் காட்டித்தான் படிப்பாங்க. அந்த ரெண்டு மரத்தண்டோட உச்சியில மாட்டுற அலங்காரம்தான் நான் பாத்த பொருள். ரிம்மோனிம்னு பேர். ஹீப்ரூவுல ரிம்மோன்னா மாதுளை. ரெண்டு தண்டு, அதனால எப்பவும் ஜோடியாத்தான் செய்வாங்க. சுருளை அலமாரியில இருந்து எடுத்துக்கிட்டு வரும்போது மணிகள் குலுங்கும், எல்லாரும் எழுந்து நிப்பாங்க. பழைய காலத்துல தலைமை ஆசாரியரோட அங்கியின் ஓரத்துல மாதுளையும் மணியும் மாத்தி மாத்தித் தொங்கினதா அவங்க வேதத்துல வருது, அதோட ஞாபகம்தான் இது.

இதுல எனக்கு ஆச்சரியமா இருந்த விஷயம் ஒண்ணு. ஐரோப்பாவுல பல ஊர்கள்ல பல நூறு வருஷமா இந்த வெள்ளிப் பொருட்களைச் செஞ்சவங்க பெரும்பாலும் யூதர்களே இல்லை! ஜெர்மனியில ஃப்ராங்க்ஃபர்ட், நியூரம்பெர்க், ஆக்ஸ்பர்க் மாதிரி ஊர்கள்ல பொற்கொல்லர்களுக்குன்னு சங்கம் இருந்துச்சு. கில்டுன்னு சொல்வாங்க. அதுல மெம்பரா இல்லாதவங்க வெள்ளியில கை வைக்க முடியாது, யூதர்களை மெம்பரா சேத்துக்கவும் மாட்டாங்க. அதனால யூதர் ஒருத்தர் தன் சினகாக்குக்கு ஒரு விளக்கு வேணும்னா, கிறிஸ்தவப் பத்தர்கிட்டப் போய், இப்படி இருக்கணும், இந்த எழுத்து இந்தப் பக்கம் வரணும்னு சொல்லிச் செஞ்சு வாங்கணும். ஃப்ராங்க்ஃபர்ட்ல யோஹான் வாலன்டின் ஷூலர்னு ஒரு கிறிஸ்தவப் பத்தர் செஞ்ச ஹனுக்கா விளக்குகள் இன்னைக்கு மியூசியத்துல இருக்கு. போலந்து, உக்ரைன் பக்கம் யூதப் பத்தர்கள் நிறைய பேர் இருந்தாங்க, அது வேற கதை. லண்டன்லயும் கதவு மூடித்தான் இருந்துச்சு. அந்த நகரத்துல கடை போட ஃப்ரீமேன் உரிமை வேணும், அதுக்குக் கிறிஸ்தவ முறைப்படி சத்தியம் செய்யணும். 1830 வரைக்கும் அந்தக் கதவு யூதர்களுக்குத் திறக்கல. ஆம்ஸ்டர்டாம்ல இருந்து வந்த ஆப்ரஹாம் டி ஒலிவேரா மாதிரி ஒண்ணு ரெண்டு பேர் எப்படியோ லண்டன்ல தொழில் பண்ணியிருக்காங்க. ஆனா அங்கேயே பிறந்து வளர்ந்த யூதர் ஒருத்தர் முறைப்படி கடை போட்டதா இல்லை.

இந்தப் பின்னணியிலதான் நம்ம ஆள் வர்றார்.

மையர் மையர்ஸ் 1723-ல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா சாலமன், அம்மா ஜூடித், ரெண்டு பேரும் ஹாலந்துல இருந்து வந்தவங்க. அப்பா கடை வெச்சிருந்தார். அன்னைய நியூயார்க் இன்னைக்கு நாம படத்துல பாக்குற நியூயார்க் இல்லை. மன்ஹாட்டன் தீவோட தெற்கு நுனியில சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஒரு துறைமுக ஊர், பிரிட்டிஷ் காலனி. அமெரிக்கான்னு ஒரு நாடே அப்போ கிடையாது. யூதர்கள் 1654-லேயே அங்க வந்துட்டாங்க, பிரேசில்ல ரெசிஃபேங்கிற ஊரை போர்ச்சுகீசியர் திரும்பப் பிடிச்சப்போ தப்பி ஓடி வந்தவங்க. ஷியரித் இஸ்ரேல்ங்கிறது அவங்க சபையோட பேர். மையருக்கு ஏழு வயசு இருக்கும்போது, 1730-ல், மில் தெருவுல அந்தச் சபை தனக்குன்னு முதல் சினகாக் கட்டுச்சு. ஊர்ல இருந்த ஒரே சினகாக் அதுதான். அதனால எந்த நாட்டு வழக்கப்படி கும்பிடுற யூதரா இருந்தாலும் எல்லாரும் அதுக்குள்ளேதான்.

அந்தக் காலத்துல இந்தத் தொழில் கத்துக்க ஏழு வருஷம் ஒரு மாஸ்டர்கிட்ட அப்ரெண்டிஸா இருக்கணும். நமக்கு நாலு வருஷமே தாங்கல. அவர் வீட்லயே தங்கி, உலைக்குக் கரி போட்டு, துருத்தி ஊதி, தரையில சிந்தின வெள்ளித்தூளைக் கூட்டி அள்ளி... அதுக்கப்புறம்தான் கையில சுத்தியல் வரும். மையர் அதையெல்லாம் முடிச்சு, 1746 ஏப்ரல்ல நியூயார்க் நகரத்தோட ஃப்ரீமேன் பட்டியல்ல கோல்ட்ஸ்மித்னு பதிவானார். வயசு 22, 23. என்னைவிட ஒண்ணு ரெண்டுதான் ஜாஸ்தி. லண்டன்ல மூடியிருந்த கதவு காலனியில திறந்திருந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். அவரைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி 2001-ல் யேல் பல்கலைக்கழகத்துல பெரிய கண்காட்சி நடத்தின டேவிட் பார்க்விஸ்ட் ஒரு விஷயம் சொல்றார். லண்டன் பொற்கொல்லர் சங்கத்துக்கு 1327-ல் அரச சாசனம் கிடைச்சதில இருந்து, பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட இடத்தில் பிறந்த ஒரு யூதர் சொந்தமா கடை வெச்சு வெள்ளி வேலை பாத்தது இவர்தான் முதல்னு. நானூறு வருஷத்துக்கு மேல!

இப்போ கொஞ்சம் மெட்டலர்ஜி. ஸ்கிப் பண்றவங்க பண்ணிக்கலாம், ஆனா எனக்கு அன்னீலிங் புரிஞ்சதே இங்கதான்.

நியூயார்க்ல வெள்ளிச் சுரங்கம் எதுவும் இல்லை. அப்போ வெள்ளி எங்கேயிருந்து? காசு! மெக்சிகோலயும், இன்னைக்கு பொலிவியாவுல இருக்கிற பொட்டோசி மலையிலயும் தோண்டி எடுத்த வெள்ளியில ஸ்பெயின்காரங்க அடிச்ச டாலர் நாணயம் உலகம் முழுக்க ஓடுச்சு. பொட்டோசியில அந்த ஊர் பூர்வகுடிகளைக் கட்டாய வேலைக்குப் பிடிச்சுப் போய்த் தோண்ட வெச்சாங்க, அதையும் சொல்லிடணும். வாடிக்கையாளர் ஒரு பை நிறைய காசு கொண்டு வருவார், இல்லைன்னா நசுங்கிப்போன பழைய பாத்திரம். பத்தர் எடை போட்டு வாங்கி, மூசையில உருக்கி, கட்டியா வார்த்து, தட்டித் தட்டித் தகடாக்குவார். நம்ம ஊர்ல பழைய கொலுசைக் குடுத்துப் புதுசு செய்யச் சொல்ற மாதிரியேதான்.

சுத்த வெள்ளி ரொம்ப மெத்து. அதனால 92.5 சதவீதம் வெள்ளி, மீதி தாமிரம், இதுதான் ஸ்டெர்லிங். ஒரு கிண்ணம் செய்யணும்னா வட்டமா வெட்டின தகடை இரும்பு முட்டுமேல வெச்சு, நடுவுல இருந்து வட்டம் வட்டமா அடிச்சுக்கிட்டே வரணும். ஒவ்வொரு சுத்துக்கும் ஓரம் கொஞ்சம் உள்வாங்கும், சுவர் எழும்பும். தட்டையா இருந்தது மெல்ல மெல்ல கிண்ணம் ஆகும். ஆனா அடிக்க அடிக்க உலோகம் இறுகும். நம்ம சிலபஸ்ல வர்ற வொர்க் ஹார்டனிங். உள்ளே டிஸ்லொக்கேஷன் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சிக்கி, டிராஃபிக் ஜாம் மாதிரி நின்னுடும். அதுக்கு மேலயும் அடிச்சா விரிசல்தான். அந்த நேரத்துல நெருப்புல காட்டி மங்கலான சிவப்பு வர்ற வரைக்கும் சூடாக்கணும், 600 டிகிரிக்கு மேல. கிரெய்ன் எல்லாம் புதுசா உருவாகும், உலோகம் திரும்ப இளகும். திரும்ப அடி. திரும்ப நெருப்பு. ஒரு காபிக் கூஜாவுக்கு இது எத்தனை தடவைன்னு கணக்கே இல்லை. தெர்மோகப்பிள் கிடையாது, பைரோமீட்டர் கிடையாது. கண்ணால நிறம் பாத்துத்தான். நூறு டிகிரி சொச்சம் தாண்டிப் போனா உருகி ஓடிடும், ரெண்டு வாரம் உழைப்பு போச்சு. அதனாலதான் பட்டறையில வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சு வேலை பாப்பாங்க, நிறம் தெரியணுமே.

அதுக்கப்புறம் பளபளப்பான சுத்தியலால மேல்பரப்பைச் சமன் பண்றது, உளியால பூவேலை தட்டுறது, பற்று வெச்சு ஊதி ஒட்டுறது, படிகக்கல் பொடியால மெருகு போடுறது. தங்க முலாம் பூசணும்னா தங்கத்தைப் பாதரசத்துல கரைச்சுத் தடவி நெருப்புல காட்டணும், பாதரசம் ஆவியாகிப் போயிடும், தங்கம் ஒட்டிக்கும். ஆவி எங்க போகும்? பாதி அந்தப் பத்தரோட நுரையீரலுக்கு. ஃப்யூம் ஹூட் இல்லாத காலம்.

இன்னொண்ணு. லண்டன்ல வெள்ளிப் பொருள் செஞ்சா கோல்ட்ஸ்மித்ஸ் ஹால்ல குடுத்துச் சோதிச்சு முத்திரை வாங்கணும், ஹால்மார்க்ங்கிற வார்த்தையே அங்கேயிருந்து வந்ததுதான். நியூயார்க்ல அப்படி ஒரு ஆபீஸே இல்லை. வெள்ளி சுத்தமா, கலப்படமான்னு சொல்றதுக்குப் பத்தரோட சொந்த முத்திரை மட்டும்தான். பேர் கெட்டா கடை காலி. சாய்ந்த கையெழுத்து எழுத்துல மையர்ஸ்னு ஒரு முத்திரை, சில பொருள்ல ரெண்டு எம் மட்டும். சினகாக் பொருளா இருந்தாலும் சரி, சர்ச் பொருளா இருந்தாலும் சரி, அதே முத்திரை.

ஆமா, சர்ச்! அவர் வாடிக்கையாளர்ல பெரும்பாலானவங்க கிறிஸ்தவங்கதான். ஊர்ல யூதக் குடும்பங்கள் கொஞ்சம், அவங்களை மட்டும் நம்பிக் கடை ஓடாது. லிவிங்ஸ்டன் குடும்பம் மாதிரி நியூயார்க்கோட பெரிய பணக்காரங்க வாங்கினாங்க. ப்ரெஸ்பிடேரியன் தேவாலயத்துக்குக் கூட அவர் பட்டறையில இருந்து வெள்ளிப் பாத்திரம் போயிருக்கு. ஐரோப்பாவுல கிறிஸ்தவப் பத்தர் யூதருக்குச் செஞ்சு குடுத்தாங்கன்னு சொன்னேன்ல, இங்க அப்படியே தலைகீழ்.

அவர் செஞ்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ரிம்மோனிம் இல்லை, ஒரு டிஷ் ரிங். சூடான பாத்திரம் மேஜையைக் கெடுக்காம இருக்க அடியில வைக்கிற வளையம். சிம்பிளா சொன்னா வெள்ளியில பிரிமணை! அயர்லாந்துல ஃபேஷனா இருந்த பொருள் அது. சாமுவேல் கார்னெல்னு வட கரோலினா வணிகர் ஒருத்தருக்காக 1770 வாக்குல செஞ்சது. சுத்திலும் சல்லடை மாதிரி ரம்பத்தால அறுத்த கொடிவேலை. அமெரிக்கக் காலனிகள்ல செஞ்ச டிஷ் ரிங்னு உலகத்துல தெரிஞ்சது இது ஒண்ணுதான். யேல் மியூசியத்துல இருக்கு. நம்ம ஒர்க்‌ஷாப் லேப்ல ஒரு தகடை ஹேக்ஸாவால நேரா அறுக்கச் சொன்னப்போ என்னோடது எப்படி வந்துச்சுன்னு என் பேட்ச் பசங்களுக்குத் தெரியும். அதனால அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தேன்.

ஆனா ஒரு விஷயத்தை இங்க நேர்மையா சொல்லணும். மையர்ஸ் முத்திரை இருக்கிற எல்லாத்தையும் மையர்ஸ் தன் கையால அடிச்சார்னு அர்த்தம் இல்லை. கொஞ்ச வருஷம் பெஞ்சமின் ஹால்ஸ்டெட்ங்கிறவரோட பார்ட்னர்ஷிப்ல இருந்தார், அப்போ முத்திரையும் ரெண்டு பேர் எழுத்து சேந்தது. பட்டறையில கூலிக்கு வேலை பாத்த கைவினைஞர்கள், அப்ரெண்டிஸ் பசங்க இருந்தாங்க. டிசைன், தரம், வியாபாரம், பொறுப்பு எல்லாம் அவருது. சுத்தியல் பல பேருது. நாலு பேர் சேந்து பண்ற ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல ரிப்போர்ட் அட்டையில நாலு பேரும் இருக்கும், வைவாவுல பேசுறது ஒருத்தர்தான் இருக்கும். அங்க அட்டையிலேயே ஒரு பேர்தான்.

சபையிலயும் அவர் சும்மா வந்து கும்பிட்டுட்டுப் போற ஆள் இல்லை. 1759-லயும் 1770-லயும் ஷியரித் இஸ்ரேலோட தலைவரா இருந்தார். கூரை ஒழுகினா, பள்ளிக்கு வாத்தியார் வேணும்னா, ஏழைக்கு விறகு வேணும்னா, எல்லாத் தலைவலியும் தலைவருக்குத்தான். முதல் மனைவி எல்காலே கோஹென் 1765-ல் இறந்துட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஜாய்ஸ் மியர்ஸ்ங்கிறவங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். மியர்ஸ், மையர்ஸ் ஆனாங்க, ஸ்பெல்லிங்ல கொஞ்சம்தான் மாத்தம். ரெண்டு கல்யாணத்துலயும் சேத்து வீடு நிறைய பிள்ளைங்க.

ரிம்மோனிம் செஞ்சதெல்லாம் அந்த 1760, 70-கள்லதான். நியூபோர்ட்டுங்கிற துறைமுக ஊர்ல யூத வணிகர்கள் வளர்ந்து 1763-ல் ஒரு சினகாக் கட்டி முடிச்சாங்க. பீட்டர் ஹாரிசன்ங்கிறவர் வரைஞ்ச கட்டடம், இன்னைக்கும் நிக்குது, டூரோ சினகாக்னு பேர். அமெரிக்காவுல நிலைச்சு நிக்கிற சினகாக் கட்டடங்கள்ல இதுதான் ரொம்பப் பழசு. அந்த ஊர்ப் பணம் கப்பல்ல இருந்து வந்தது, திமிங்கல எண்ணெய் மெழுகுவர்த்தியில இருந்து வந்தது, அடிமை வியாபாரத்துல இருந்தும் வந்தது. நியூயார்க், நியூபோர்ட், ஃபிலடெல்ஃபியா, மூணு ஊர்ச் சபைக்கும் மையர்ஸ் ரிம்மோனிம் செஞ்சு குடுத்தார். ஒரு ஜோடியில நுணுக்கமா பாத்தா, லண்டன்லயும் ஆம்ஸ்டர்டாம்லயும் இருந்த பழைய வடிவம்தான் அடிப்படை. ஆனா இலையும் பூவும் தட்டியிருக்கிற விதம், அவர் நியூயார்க் பணக்காரங்களுக்குச் செஞ்ச காபிக் கூஜாவுல இருக்கிற அதே கை. பரம்பரை பரம்பரையா வேற மதத்துக்காரர் கையால செஞ்சு வந்த பொருளை, தன் தோராவுக்கு, தன் சபைக்காக, சட்டப்படி தன் பேர் போட்ட முத்திரை குத்திச் செஞ்சப்போ அந்த மனுஷனுக்கு என்ன தோணியிருக்கும்? டைரி எதுவும் எழுதி வெக்கல. வெள்ளி மட்டும்தான் வெச்சுட்டுப் போனார்.

1776. இதுவரைக்கும் அவர் வாழ்க்கை கிராஃப் மேல போய்க்கிட்டே இருந்துச்சு. வயசு 53. அமெரிக்கக் காலனிகள் சுதந்திரம்னு அறிவிச்சாங்க, பிரிட்டிஷ் படை நியூயார்க்கைப் பிடிச்சது. மையர்ஸ் சுதந்திரத்துக்குப் பக்கமா நின்னவர். அவரோட பணக்கார வாடிக்கையாளர்ல நிறைய பேர் ராஜா பக்கம், பிரிஞ்சு போனாங்க. கார்னெலும் அப்படித்தான், பிரிமணை வாங்கினவர். சபையிலயும் பிளவு. மதகுரு கெர்ஷோம் சேஷஸ் தோராச் சுருள்களை எடுத்துக்கிட்டு கனெக்டிகட் பக்கம் போயிட்டார். மையர்ஸ் குடும்பத்தோட கனெக்டிகட்ல நார்வாக்ங்கிற ஊருக்குப் போனார்.

பட்டறையைத் தூக்கிட்டுப் போறது எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. உலையைத் தூக்க முடியாது. இரும்பு முட்டு, சுத்தியல் எல்லாம் டன் கணக்குல. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு முட்டு, ஒவ்வொரு பூவுக்கும் ஒரு உளி, எல்லாம் அவங்க அவங்க கைக்குத் தகுந்த மாதிரி வருஷக்கணக்கா தேய்ச்சுப் பழக்கின கருவிகள். கடையில போய் வாங்குற பொருள் இல்லை.

1779 ஜூலை 11. ஜெனரல் ட்ரையான் தலைமையில பிரிட்டிஷ் படை நார்வாக்ல இறங்கி ஊரையே கொளுத்துச்சு. மையர்ஸோட வீடு எரிஞ்சது. கருவிகளும் போச்சு. 56 வயசுல.

அங்கேயிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டு. அப்புறம் ஃபிலடெல்ஃபியா, அங்க நியூயார்க்ல இருந்து ஓடி வந்த யூதர்கள் நிறைய பேர் கூடியிருந்தாங்க, 1782-ல் மிக்வே இஸ்ரேல் சபை தன் சினகாக்கைத் திறந்துச்சு. 1783-ல் போர் முடிஞ்சதும் நியூயார்க் திரும்பினார். திரும்பி வந்த யூதர்கள் சார்பா கவர்னர் ஜார்ஜ் கிளின்டனுக்கு எழுதின வரவேற்புக் கடிதத்துல கையெழுத்துப் போட்ட மூணு பேர்ல இவரும் ஒருத்தர். 1786-ல் நியூயார்க் தங்க, வெள்ளிப் பத்தர் சங்கத்துக்குத் தலைவரானார். நல்லா கவனிங்க: ஐரோப்பாவுல எந்தச் சங்கத்துக்குள்ள காலெடுத்து வைக்க முடியாதோ, அந்த மாதிரிச் சங்கத்துக்கே தலைவர்.

ஆனா கடை பழையபடி எழல. சினிமாவா இருந்தா ஒரு பாட்டுல பணக்காரர் ஆயிருப்பார். இங்க அப்படி எதுவும் நடக்கல. பழைய வாடிக்கையாளர் பலர் நாட்டை விட்டே போயிட்டாங்க. ஃபேஷனும் மாறிப்போச்சு, வளைஞ்சு நெளிஞ்ச ரோகோகோ போய் நேர்கோட்டு ஸ்டைல் வந்துச்சு, இளம் பத்தர்கள் வந்துட்டாங்க. கடைசி வரைக்கும் வேலை பாத்தார், சின்ன அளவுல. 1795 டிசம்பர் 12-ல் இறந்தார். வயசு 72.

பாஸ்டன்ல அவர் காலத்துலேயே பால் ரெவியர்னு இன்னொரு வெள்ளிப் பத்தர் இருந்தார். அவர் 1775-ல் ராத்திரியோட ராத்திரியா குதிரையில போய் பிரிட்டிஷ் படை வருதுன்னு சொன்னதுக்காக அமெரிக்காவுல சின்னப் பசங்களுக்கும் தெரியும். மையர்ஸ் குதிரை ஓட்டல. அதனால மியூசியம் சுத்துறவங்களுக்குத்தான் தெரியும்.

கதை 1795-ல் முடிஞ்சிருக்கணும். முடியல. நம்ம காலேஜ் சீனியர்ஸ் சிலர் ஸ்கூல்ல இருந்த காலத்துல மையர்ஸ் திரும்ப நியூஸ்ல வந்தார்.

போருக்கு அப்புறம் நியூபோர்ட் துறைமுகம் படுத்துடுச்சு. யூதக் குடும்பங்கள் ஒவ்வொண்ணா வேற ஊருக்குப் போக, 1822-ல் கடைசி ஆளும் கிளம்பிட்டார். சினகாக் பூட்டு. கட்டடத்தையும் பொருட்களையும் நியூயார்க்ல இருந்த ஷியரித் இஸ்ரேல் பாத்துக்கிச்சு. அறுபது வருஷம் கழிச்சு கிழக்கு ஐரோப்பாவுல இருந்து புது யூதர்கள் நியூபோர்ட் வந்தாங்க, ஜெஷுவாத் இஸ்ரேல்னு புதுச் சபை. சினகாக் திறந்துச்சு, ரிம்மோனிம் திரும்ப வந்துச்சு. 1903-ல் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, நியூயார்க் சபை ஓனர், நியூபோர்ட் சபை வாடகைக்கு, வருஷத்துக்கு ஒரு டாலர்!

நூறு வருஷத்துக்கு மேல யாரும் கண்டுக்கல. நியூபோர்ட் சபைக்குப் பணக்கஷ்டம் வந்துச்சு. 2012-ல், மையர்ஸ் செஞ்ச ஒரு ஜோடி ரிம்மோனிமை பாஸ்டன் ஃபைன் ஆர்ட்ஸ் மியூசியத்துக்கு வித்துட முடிவு பண்ணாங்க. விலை 74 லட்சம் டாலர். அந்தக் காசுல சினகாக்கைக் காலத்துக்கும் நடத்தலாம்னு கணக்கு. நியூயார்க் சபை, அது எங்க பொருள், விக்கக்கூடாதுன்னு நின்னுச்சு. கேஸ். மியூசியம் இந்த வம்பே வேண்டாம்னு விலகிடுச்சு. 2016-ல் ரோட் ஐலண்ட் ஃபெடரல் கோர்ட் நீதிபதி மெக்கானல் நியூபோர்ட் பக்கம் தீர்ப்பு குடுத்தார். 2017-ல் மேல்முறையீட்டுல அது தலைகீழ். அந்தத் தீர்ப்பை எழுதினது யார்னு நினைக்கிறீங்க? சுப்ரீம் கோர்ட்ல இருந்து ரிட்டயர் ஆன டேவிட் சூட்டர். இது மத விஷயம், அதுக்குள்ள நாங்க போகல, எழுதிப் போட்ட ஒப்பந்தம் என்ன சொல்லுதோ அதுதான்னு சொல்லி, கட்டடமும் ரிம்மோனிமும் நியூயார்க் சபைக்குத்தான்னு முடிச்சார். 2019 மார்ச்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இந்த வழக்கை எடுத்துக்க மாட்டோம்னு சொல்லிடுச்சு.

எனக்கு யார் பக்கம்னு சொல்லத் தெரியல. முதல்ல படிச்சப்போ நியூபோர்ட் பக்கம்தான் இருந்தேன். சினகாக்கே மூடிப்போனா வெள்ளி அலங்காரம் எதுக்கு? கட்டடத்தைக் காப்பாத்த ஒரு ஜோடியைக் குடுத்தா என்ன தப்பு? ஹாஸ்டல்ல ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்வி. உங்க ஊர்க் கோயில் கோபுரத்துக்கு பெயின்ட் அடிக்க ஐம்பொன் சிலையை வித்தா ஒத்துக்குவியா? அதுக்கப்புறம் எனக்குப் பேச்சு வரல. அதே நேரம், அந்தச் சிலைக்கு விளக்கேத்துற ஆளுக்குச் சம்பளம் குடுக்கக் காசு இல்லைன்னா என்ன பண்றதுங்கிறதுக்கு அவன்கிட்டயும் பதில் இல்லை. அந்த மணிகள் தோராவோட சேந்து நடக்கும்போது குலுங்கறதுக்காகச் செஞ்சது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள சத்தம் வராது. மையர்ஸ் ரெண்டு சபைக்குமே ரிம்மோனிம் செஞ்சவர், ஒரு சபைக்குத் தலைவராவும் இருந்தவர். எழுபத்து நாலு லட்சம் டாலர்னு கேட்டா அவரே உக்காந்துடுவார்.

படம் பாக்கணும்னா யேல் பல்கலைக்கழக ஆர்ட் கேலரி சைட்ல மையர்ஸ் பேரைப் போட்டுத் தேடுங்க. டிஷ் ரிங் ஃபோட்டோவை முழுசா ஜூம் பண்ணுங்க, கொடி வளைவுகளை ஒண்ணொண்ணா பாருங்க. அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப் லேப் இருக்கிற ஃபர்ஸ்ட் இயர் பசங்க மட்டும் லேப் முடிஞ்சதும் பாருங்க. முன்னாடி பாத்தா ஹேக்ஸாவைத் தொடவே மனசு வராது.